ஊருக்குள்ளிருந்தே ஒரு துணை



தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் என்ன நடக்கிறது? பக்கத்து வீட்டார் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருகிறார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். சின்னப் பிள்ளைகளை யாராவது ஓர் அக்காள் தம் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். துக்கத்தில் துணை நிற்பது நமக்குப் புதிதன்று. ஆனால், ஒரே நாளில் வீட்டுக்கு வீடு சாவு விழுந்தால், யார் யாருக்குக் கஞ்சி கொடுப்பது? இந்தக் கேள்விக்கு இந்திய நாடு விடை தேடிய வரலாற்றை இன்று பார்ப்போம்.

1974ஆம் ஆண்டு பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிலையம் உருவாயிற்று. அக்காலத்தில் அந்நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. அவர்களும் பெரும்பாலும் பட்டணங்களில்தான் இருந்தார்கள். ஆகவே, கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்கே மனநோயின் அடையாளங்களைக் கற்பித்துப் பார்த்தார்கள். பெங்களூரை அடுத்த சகலவாராவிலும், 1980களில் பல்லாரி மாவட்டத்திலும் இம்முயற்சி நடந்தது. மனநலப் பணியைச் சாதாரண ஊழியரும் கற்றுச் செய்யலாம் என்பது அப்போது தெளிவாயிற்று.

இந்தப் பாடம் பெருஞ்சோதனைகளின்போது கைகொடுத்தது. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒரிசாக் கரையைப் பெரும்புயல் தாக்கியது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் குஜராத்தில் பூமி அதிர்ந்தது. 13,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உணவும் கூரையும் வந்த பிறகும் மக்கள் உறங்கவில்லை. காற்று அடித்தால் பதறினார்கள். கட்டடத்துக்குள் நுழைய அஞ்சினார்கள். அப்போது நிம்ஹான்ஸ் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து, அந்தந்த ஊர் மக்களையே துணைவர்களாகப் பயிற்றுவித்தது.

பிறகு வந்தது 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. அந்த ஆழிப்பேரலையை நாமும் மறக்க முடியாது. மலேசியாவில் 68 உயிர்கள் போயின. தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்திலோ ஏறக்குறைய 6,000 பேர் மாண்டனர். கடலை நம்பிப் பிழைத்தவர்கள் கடலைப் பார்க்கவே நடுங்கினார்கள். உடல் கிடைக்காதவருக்குக் காரியம் செய்வதா, காத்திருப்பதா என்று குடும்பங்கள் தவித்தன. வெளியூர் மருத்துவர் எத்தனை நாள் தங்குவார்? குப்பத்துப் பேச்சும் வழக்கமும் அவருக்கு எப்படிப் புரியும்? ஆதலால் இங்கேயும் ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஊர் இளைஞர்கள் ஆகியோர் பயிற்சி பெற்றார்கள்.

அப்படி என்ன கற்றார்கள்? நிம்ஹான்ஸ் ஏழு பாடங்களை வகுத்திருந்தது. துயரத்தைக் கொட்ட இடம் கொடுத்தல், அவர் நிலையில் நம்மை வைத்துப் பார்த்தல், குறுக்கிடாமல் காது கொடுத்தல், உற்றார் துணையை மீட்டுத் தருதல், மனத்தை வேலையிலும் விளையாட்டிலும் திருப்புதல், ஓய்வு, அவரவர் வழிபாடு. இவற்றுள் பல நம் பாட்டிமார் அறிந்தவையே. அப்படியானால் பயிற்சி எதற்கு?

செய்யக் கூடாததை அறிவதற்கு! “அழாதே, எல்லாம் விதி” என்று வாயை அடைப்பது தவறு. நடந்ததைச் சொல் என்று வற்புறுத்துவதும் தவறே. ஒரு காலத்தில், விபத்து நடந்ததும் எல்லாரையும் உட்கார்த்திச் சொல்லவைப்பது நல்ல வைத்தியம் என்று மேலை நாடுகளில் எண்ணினார்கள். அதனால் பயனில்லை, சிலருக்குத் தீங்கும் வரலாம் என்பது பின்னர் ஆய்வுகளில் தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடு மூன்றே சொற்களில் வழி சொல்கிறது: பார், கேள், இணை. தேவையைப் பார், சொல்வதைக் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடு.

தம் எல்லையை அறிவதும் பயிற்சியின் பகுதியே. வாரக்கணக்கில் உறக்கமின்றித் தவிப்பவரையும், உயிரை விட்டுவிடுவேன் என்பவரையும் ஊர்த் துணைவர் தாமே வைத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, நேயர்களே. அந்தத் துணைவரும் அதே ஊர்க்காரர்; அவரும் இழந்தவராக இருக்கலாம். அவருடைய துயரத்தைக் கேட்கவும் ஆள் வேண்டும். இதை மறந்தால், பிறரைத் தாங்கும் தூணே சாய்ந்துவிடும்.

ஒரிசாவில் கற்றது குஜராத்துக்கும், குஜராத்தில் கற்றது நாகைக்கும் உதவியது. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் உள்ளூர்த் துணைவர்களுக்குப் பயிற்சி துயரம் வந்த பின்னரே கிடைத்தது. நம் நாட்டிலும் 2014இல் கிளந்தானிலும், 2021இல் சிலாங்கூரிலும் பெருவெள்ளம் வந்ததைக் கண்டோம். முதலுதவி கற்கும் நம் இளைஞர்கள், காயத்துக்குக் கட்டுப் போடுவதோடு கலங்கிய மனத்துக்குத் துணை நிற்கவும் இப்போதே கற்றுக்கொள்வார்களாக! வெள்ளம் வாசலுக்கு வந்தபின் பாடம் படிக்க நேரம் இராது.