நோயல் கோர்டன்: ஒரு சீரியலோட உண்மையான ஓனர் யாரு?

இன்னைக்கு எபிசோட் ஒரு டிவி சீரியல் பத்தி. "வரலாறு பாட்காஸ்ட்ல சீரியலா?"ன்னு கேட்டீங்கன்னா, ஆமா, சீரியலேதான். ராஜாக்கள் போட்ட சண்டை மட்டும் வரலாறு இல்லையே. ஒரு நாட்டுல ஒன்றரைக் கோடி பேர் சாயங்காலம் ஒரே சமயத்துல உட்கார்ந்து என்ன பார்த்தாங்க, அதை யார் உருவாக்குனாங்க, அதை யார் நிறுத்துனாங்கங்கிறதும் வரலாறுதான்.

1981ஆம் வருஷம், ஜூன் மாசம். இங்கிலாந்துல ஒரு செய்தி வெளியாகுது. 17 வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற ஒரு சீரியலோட கதாநாயகியை, அவங்களுக்காகவே தொடங்கின அந்த சீரியல்ல இருந்து, கம்பெனியே தூக்கிடுச்சு. சீரியல் நிக்கல. அவங்களை மட்டும்தான் நிறுத்துனாங்க. அவங்க பேரு நோயல் கோர்டன். அப்போ அவங்களுக்கு வயசு 61.

ஏன் தூக்குனாங்கன்னு புரியணும்னா, அவங்க அந்த இடத்துக்கு எப்படி வந்தாங்கன்னு முதல்ல பார்க்கணும்.

மேடையிலிருந்து நியூயார்க்குக்கு

1919, டிசம்பர் 25. லண்டனுக்குக் கிழக்கே இருக்கிற ஈஸ்ட் ஹாம்ல பிறந்தாங்க. கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பிறந்ததால நோயல்னு பேரு. அப்பா கப்பல்ல இன்ஜினியர். ராடா நாடகப் பள்ளியில படிச்சுட்டு மேடைக்கு வந்தாங்க. தொலைக்காட்சியைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான ஜான் லோகி பேர்ட், கலர் டிவிக்குப் பரிசோதனை நடத்துனப்போ, அவரோட கேமரா முன்னாடி உட்கார்ந்தவங்கள்ல இவங்களும் ஒருத்தங்க. பின்னாடி தன் வாழ்க்கை முழுக்க டிவியோட போகப்போகுதுன்னு அப்போ அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

1949ல் 'பிரிகடூன்' இசை நாடகம் லண்டனுக்கு வந்தப்போ, மெக் பிராக்கிங்கிற கேரக்டர்ல நடிச்சாங்க. நல்ல பேரு கிடைச்சது. மேடையிலேயே இருந்திருந்தா ஒரு வசதியான வாழ்க்கை.

இங்கதான் அவங்க ஒரு வித்தியாசமான முடிவு எடுக்கிறாங்க. அதுவரைக்கும் பிரிட்டன்ல ஒரே ஒரு சேனல்தான், பிபிசி. விளம்பரத்துல ஓடுற ரெண்டாவது சேனல், ஐடிவி, 1955 செப்டம்பர்ல வரப்போகுது. விளம்பர டிவி எப்படி இயங்கும்னு அமெரிக்காவுக்கு ஏற்கெனவே அனுபவம் இருந்துச்சு. அதனால நோயல் நடிப்பை ஓரமா வச்சுட்டு நியூயார்க் போய் டிவி தயாரிப்பு பத்திப் படிச்சாங்க. கவனிங்க, நடிக்கிறதுக்காகப் போகல. டிவியை உருவாக்குறது எப்படின்னு கத்துக்கப் போனாங்க. முப்பது வயசைத் தாண்டின ஒரு நடிகை, 1950கள்ல, "எனக்கு கேமராவுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியணும்"னு கிளம்பினதை நான் சின்ன விஷயமா நினைக்கல.

திரும்பி வந்து ஏடிவிங்கிற கம்பெனியில சேர்ந்தாங்க. ஐடிவிங்கிறது ஒரே கம்பெனி கிடையாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கம்பெனி லைசென்ஸ் வாங்கி நடத்தும். மிட்லாண்ட்ஸ், அதாவது பர்மிங்ஹாம் சுத்துப்பட்டுப் பகுதி, வாரநாட்கள்ல ஏடிவி கையில. இந்த லைசென்ஸ் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1956ல் பர்மிங்ஹாம்ல ஒளிபரப்பு தொடங்குனதும் நோயல் அந்த ஊர் முகமாவே ஆயிட்டாங்க. 'லஞ்ச் பாக்ஸ்'னு ஒரு மத்தியான நேர நேரலை நிகழ்ச்சி. பாட்டு, அரட்டை, விருந்தினர்கள். 1964 வரைக்கும் ஓடுச்சு. பிரதமர் ஹெரால்ட் மெக்மிலனை டிவியில பேட்டி எடுத்தாங்க. பிரிட்டிஷ் பிரதமரை டிவியில பேட்டி எடுத்த முதல் பெண்னு அவங்களைத்தான் சொல்றாங்க.

அவங்களுக்கு இதெல்லாம் கிடைச்சதுக்கு வேற காரணம் சொல்றவங்களும் இருந்தாங்க. ஏடிவியில பெரிய பொறுப்புல இருந்த வால் பார்னலோட அவங்களுக்குப் பல வருஷ உறவு இருந்துச்சு. அவர் ஏற்கெனவே கல்யாணம் ஆனவர். ஆனா அந்த உறவு முடிஞ்சு, அவர் ஏடிவியை விட்டுப் போனதுக்கு அப்புறமும், இவங்க இன்னும் பெரிய இடத்துக்குப் போனாங்க. வதந்திக்கு அதுவே பதில்.

பர்மிங்ஹாம் பக்கத்துல ஒரு மோட்டல்

'லஞ்ச் பாக்ஸ்' தயாரிப்பாளர் ரெக் வாட்சன், ஆஸ்திரேலியாக்காரர். தினமும் வர்ற ஒரு தொடர்கதை எடுக்கணும்கிறது அவரோட ஆசை. பின்னாடி இவர்தான் ஊருக்குத் திரும்பிப் போய் 'நெய்பர்ஸ்' சீரியலை உருவாக்கினார். ஹேசல் அடேர், பீட்டர் லிங்னு ரெண்டு எழுத்தாளர்கள் கதை பண்ணாங்க. மெக் ரிச்சர்ட்சன்னு ஒரு விதவை, தன் வீட்டையே மோட்டலா மாத்தி நடத்துறாங்க. மெக்தான் நோயல். 1964, நவம்பர் 2. 'கிராஸ்ரோட்ஸ்' ஆரம்பம்.

வாரத்துக்கு அஞ்சு எபிசோட். பழைய சினிமா தியேட்டரை மாத்தி அமைச்ச ஸ்டுடியோ. அந்தக் காலத்துல வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுறது ரொம்பச் செலவு. அதனால கிட்டத்தட்ட நேரலை மாதிரியே, நிறுத்தாம எடுப்பாங்க. யாராவது வசனத்தை மறந்தா, கதவு ஆடினா, சுவர் அசைஞ்சா, அது அப்படியே வீட்டு டிவியில வந்துடும். பத்திரிகைக்காரங்க இதை வச்சே வருஷக்கணக்கா கிண்டல் பண்ணாங்க. 1980கள்ல விக்டோரியா வுட் 'ஏக்கார்ன் ஆன்டிக்ஸ்'னு ஒரு காமெடி பண்ணினதே இந்த மாதிரி சீரியல்களை நக்கலடிச்சுத்தான்.

ஒரு நாளைக்கு ஒரு எபிசோட்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. வாரம் முழுக்க வசனம் மனப்பாடம், ஒத்திகை, பதிவு. அதுல ஒரு ஆளாவது பதறாம நின்னாத்தான் மத்தவங்க தாக்குப்பிடிக்க முடியும். அந்த ஆள் நோயல். எட்டு வருஷம் நேரலையில பழகினவங்க, தயாரிப்பையும் படிச்சவங்க. செட்ல அவங்க சொல்றதுக்கு எடை இருந்துச்சு. இதனால அவங்களைப் பிடிக்காதவங்களும் இருந்தாங்க.

1968ல் லண்டன்ல தேம்ஸ் கம்பெனி 'கிராஸ்ரோட்ஸ்' வேண்டாம்னு நிறுத்திடுச்சு. பார்வையாளர்கள் போட்ட சத்தத்துல சில மாசத்துல திரும்பக் கொண்டுவர வேண்டியதாப் போச்சு. விட்ட இடத்துல இருந்து தொடங்கினதால, லண்டன்காரங்க பல வருஷம் மத்த ஊர்களைவிட ஆறு மாசம் பின்னாடி இருந்த கதையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க! 1975ல் மெக்குக்கும் ஹ்யூ மார்ட்டிமருக்கும் கல்யாணம். பர்மிங்ஹாம் கதீட்ரல்ல படப்பிடிப்பு. நிஜக் கல்யாணம் மாதிரி ஜனம் கூடி, ஊர்ல போக்குவரத்தே நின்னுபோச்சு.

சிரிச்சவங்க கவனிக்காதது

செட் ஆடுறதைப் பார்த்துச் சிரிச்சவங்க பலர் கவனிக்காத ஒண்ணு இருக்கு.

1970ல் மெக்கோட வளர்ப்பு மகளா மெலனிங்கிற கேரக்டர் வந்துச்சு. நடிச்சவங்க கிளியோ சில்வெஸ்டர், ஒரு கறுப்பினப் பெண். ஒரு பிரிட்டிஷ் சீரியல்ல ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அந்த மாதிரி முக்கியமான வேஷம் கிடைச்சுது.

1972ல் மெக்கோட மகன் சாண்டிக்கு கார் விபத்து. வழக்கமா சீரியல்ல என்ன நடக்கும்? மூணு வாரத்துல எழுந்து நடந்துடுவாங்க. சாண்டி நடக்கல. அதுக்கப்புறம் வீல்சேர்லயேதான் இருந்தான். அந்தக் கதையில இருந்து நிஜத்துல ஒரு கேள்வி வந்துச்சு: வீட்டுல இருக்கிற ஒருத்தரை நாள் முழுக்கப் பார்த்துக்கிறவங்களை யார் பார்த்துக்கிறது? ஏடிவி 10,000 பவுண்டு கொடுத்து, 1974ல் ரக்பி ஊர்ல ஒரு திட்டம் தொடங்குச்சு. வீட்டுக்கே ஆள் வந்து, கவனிச்சுக்கிறவங்களுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுக்கிற திட்டம். அதுக்கு வச்ச பேரே 'கிராஸ்ரோட்ஸ்'. அது நாடு முழுக்கப் பரவி, 2012ல் இன்னொரு அமைப்போட இணைஞ்சு, இன்னைக்கு கேரர்ஸ் டிரஸ்டா இருக்கு. அரங்கச் சுவர் ஆடுன ஒரு சீரியல் விட்டுட்டுப் போனது இது.

வெற்றியைப் பார்த்து வெட்கம்

இப்போ அந்த லைசென்ஸ் விஷயத்துக்கு வருவோம். ஐடிவி கம்பெனிகளுக்கு மேல ஒரு ஒழுங்குமுறை அமைப்பு இருந்துச்சு. லைசென்ஸைப் புதுப்பிக்கிறது அவங்க கையில. தரமான நிகழ்ச்சி வேணும்னு கேட்பாங்க. அவங்க கண்ணுக்கு 'கிராஸ்ரோட்ஸ்' ஒரு தலைக்குனிவு. வாரம் அஞ்சு நாள்னு இருந்தது 1967லேயே நாலாச்சு. 1980ல் மூணாக் குறைச்சாங்க. பார்க்க ஆள் இல்லாம குறைக்கல. இவ்ளோ பேர் பார்க்கிறாங்களேங்கிற சங்கடத்துல குறைச்சாங்க.

அதே சமயத்துல ஏடிவியை மாத்தி அமைக்கச் சொல்லி உத்தரவு. 1982ல் இருந்து கம்பெனி பேரு சென்ட்ரல். புதுக் கம்பெனிக்குப் புது முகம் வேணும்ல? 1981ல் நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் சார்லஸ் டென்டன் நோயலை நீக்க முடிவெடுத்தார். டிவி டைம்ஸ் வாசகர்கள் திரும்பத் திரும்ப விருது கொடுத்த நடிகை. போராட்டம் நடந்துச்சு, கடிதங்கள் குவிஞ்சுச்சு. முடிவு மாறல.

நவம்பர்ல மோட்டல் தீப்பிடிச்சு எரியுது. மெக் உள்ளே செத்துட்டாங்கன்னு நாடே நினைச்சுது. சில நாள் கழிச்சுப் பார்த்தா, சவுத்தாம்ப்டன் துறைமுகத்துல க்யூஇ2 கப்பல்ல நிக்கிறாங்க. மகள் ஜில் கிட்ட விடைபெற்றுக்கிட்டுக் கிளம்பிடறாங்க. மெக்கைக் கொல்லல, அனுப்பி வச்சாங்க.

நோயல் மேடைக்குத் திரும்பினாங்க. 'ஜிப்ஸி', 'கால் மீ மேடம்'னு இசை நாடகங்கள். 1983ல் வெனிஸ்ல எடுத்த காட்சிகள்ல மெக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தாங்க. திரும்பக் கூட்டிக்கிட்டு வரணும்னு 1985ல் திட்டம் போட்டப்போ வயித்துப் புற்றுநோய் முத்திடுச்சு. அந்த வருஷம் ஏப்ரல் 14ல் பர்மிங்ஹாம்ல காலமானாங்க. சீரியல் இன்னும் மூணு வருஷம் இழுத்து, 1988ல் முடிஞ்சுது. 2001ல் திரும்ப எடுத்துப் பார்த்தாங்க. 2003ல் அதுவும் நின்னுபோச்சு.

அப்போ ஓனர் யாரு?

நோயலை மறுபடி எல்லாரும் பேச ஆரம்பிச்சது 2023ல். ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதி, ஹெலனா பான்ஹாம் கார்ட்டர் நடிச்ச 'நாலி' வந்தப்போ. அது அவங்க நீக்கப்பட்ட கதை. அதைப் பார்க்கிற பலர் "பாவம், வயசான நடிகையைத் தூக்கிட்டாங்க"ன்னு சொல்வாங்க. அது உண்மைதான். ஆனா எனக்கு அதைவிட உறுத்துறது வேற.

டிவி எப்படி உருவாகுதுன்னு படிச்ச பெண், அந்தக் கம்பெனி பிறந்ததுல இருந்து கூட நின்ன பெண். செட்ல அதிகாரம் இருந்துச்சு, மக்கள் மனசுல இடம் இருந்துச்சு. பேப்பர்ல எதுவும் இல்ல. சீரியலை உருவாக்கினவங்கன்னு பேரு எழுத்தாளர்களுக்கு, லைசென்ஸ் கம்பெனிக்கு, கையெழுத்து அதிகாரிக்கு. "நீங்கதான் இந்த ஷோவே"ன்னு எல்லாரும் சொன்னாங்க. அந்த வார்த்தையை யாரும் ஒப்பந்தத்துல எழுதல.

'கிராஸ்ரோட்ஸ்' 4,500 எபிசோடுக்கு மேல எடுத்தாங்க. அதுல பெரும்பகுதி இன்னைக்கு இல்ல. டேப்பை அழிச்சுட்டாங்க. யாரோட வேலை சேமிக்கத் தகுந்தது, யாரோடது இல்லைங்கிறதையும் அதே ஆட்கள்தான் முடிவு பண்ணாங்க.

நீங்க வேலை செய்ற இடத்துல யாராவது "நீங்க இல்லாம இது ஓடாது"ன்னு சொன்னா, சந்தோஷப்படுங்க. கூடவே அது எங்கயாவது எழுத்துல இருக்கான்னும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.