சிறப்புப் பட்டம் வந்த வழி



"பிள்ளை ஓனர்ஸ் செய்கிறான்" என்று சொல்லும்போது நம் நாட்டுப் பெற்றோரின் குரலிலே தனியொரு பெருமிதம் தொனிப்பதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அச்சொல்லின் பொருள் யாது என்று வினவினால், விடை எளிதில் வருவதில்லை. பெரியோர்க்குப் பரீட்சை எதுவுமின்றிச் சூட்டப்படும் கௌரவப் பட்டம் ஒன்றுண்டு. அது வேறு. ஒரு துறையை மாணாக்கன் ஆழ்ந்து கற்று, பரீட்சைக்குத் தோற்றி, உழைத்துப் பெறும் ஓனர்ஸ் பட்டம் வேறு. பின்னதையே நாம் சிறப்புப் பட்டம் என வழங்கி வருகிறோம். இப்பட்டம் நம் நாட்டுக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. கற்பிப்பவர் யார், பரீட்சிப்பவர் யார், எம்மொழியிற் கற்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அது நமக்கு உரியதாயிற்று. அந்த வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

இதன் பிறப்பிடம் இங்கிலாந்து. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையிலே பட்டப் பரீட்சை வெறும் சடங்காகச் சீரழிந்திருந்தது. உழைத்தவனும் உறங்கியவனும் ஒரே பட்டத்தைப் பெற்றுச் சென்றனர். இந்நிலையை மாற்ற 1800ஆம் ஆண்டில் ஒரு புதிய பரீட்சை விதி இயற்றப்பட்டது. சாதாரணப் பட்டத்தோடு அமையாது மேலும் கற்க விரும்புவோர்க்குக் கடினமான தனிப் பரீட்சையொன்றை அவ்விதி வகுத்தது. அதிற் சிறந்தோரின் பெயர்கள் பட்டியலாக வெளியிடப்பட்டன. 1807இல் அப்பட்டியல் வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டது. பழம்பெரும் மொழி நூல்களிலும் கணிதத்திலும் ஒருங்கே முதல் வகுப்புப் பெற்ற முதல் மாணாக்கர் ரொபேட் பீல் என்பவர். 1808இல் அச்சிறப்பை எய்திய அவர், பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியானார். கேம்பிரிட்ஜிலோ கணிதச் சிறப்புப் பரீட்சை இதற்கு முன்னரே புகழ் பெற்றிருந்தது. அங்கே முதல் வகுப்பிற் சித்தியடைந்தோரைக்கூட முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்திப் பெயர் வாசிக்கும் வழக்கம் 1909 வரை நீடித்தது.

இவ்விரு இடங்களிலும் ஓனர்ஸ் என்பது முதலில் தரம் பிரிக்கும் கருவியாகவே எழுந்தது என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். ஒரு துறையை ஆழமாகக் கற்றல் என்னும் கருத்து அதனோடு நாளடைவிற் சேர்ந்தது. இன்றும் இவ்விரண்டும் ஒரே பட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

அக்காலத்தில் ஒக்ஸ்போட்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ செல்லும் வசதி நம்மவருள் மிகச் சிலருக்கே வாய்த்தது. ஏனையோர்க்கு வழி திறந்தது இலண்டன் சர்வகலாசாலை. 1836இல் தோன்றிய அது கற்பிக்கும் நிலையமாக அன்றி, பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் நிலையமாகவே அமைந்தது. 1858இல் அது மேலுமொரு படி சென்றது. எந்தக் கல்லூரியிலும் சேராத ஒருவர்கூடப் பரீட்சைக்குத் தோற்றலாம் என்று விதி செய்தது. கடல் கடந்த நாடுகளிலிருந்தோரும் புறநிலை மாணாக்கராக இப்பரீட்சைகளை எழுதத் தொடங்கினர். இருபது ஆண்டுகளின் பின், 1878இல், பெண்களுக்கும் பட்டம் வழங்க அது முன்வந்தது.

இதே காலப்பகுதியில் சென்னைச் சர்வகலாசாலையும் 1857இல் உருவாயிற்று. வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும், அவருடைய ஆசிரியரான கறல் விசுவநாதபிள்ளையும் அதன் முதற் பட்டதாரிகளாயினர் என்பது யாழ்ப்பாணத்தார் மறவாத செய்தி. தாமோதரம்பிள்ளை பட்டத்தோடு நின்றுவிடவில்லை. உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஏடு தேடினார். 1887இல் கலித்தொகையை அச்சிலேற்றினார். தமிழைச் சிறப்பாகப் பயிலும் மாணாக்கருக்கு நூல்களைத் தேடித் தந்தவர்களுள் அவர் முன்னிற்பவர்.

புறநிலைக் கல்வியின் பெருமையையும் குறையையும் ஒருங்கே காட்டும் மற்றொருவர் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார். அவரே பின்னாளிற் சுவாமி விபுலாநந்தர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிற் சித்தியடைந்தார். ஆசிரியராயிருந்துகொண்டே 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். தமிழுக்குப் பரீட்சை மதுரையில். விஞ்ஞானத்துக்குப் பரீட்சை இலண்டனில். இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் அவருக்குக் கற்பிக்க அன்று இலங்கையில் ஒரு சர்வகலாசாலை இருக்கவில்லை. அவர் தாமே அவற்றை இணைத்தார். இசையொலியின் கணிதமும் பழந்தமிழ் நூற்புலமையும் கலந்த யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. தாமே கற்று இவ்வளவு செய்ய வல்லவர் நூற்றுக்கு ஒருவரும் இல்லையே! ஏனைய மாணாக்கருக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியர் வேண்டும். ஒரு நூல்நிலையம் வேண்டும். கூடியிருந்து வாதம் செய்யத் தோழர்கள் வேண்டும்.

இத்தேவையை உணர்ந்தோர் 1906இல் இலங்கைச் சர்வகலாசாலை இயக்கத்தைத் தொடங்கினர். அதன் முன்னணியில் நின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். கேம்பிரிட்ஜிற் கற்று, சிவில் சேவைப் பரீட்சையில் 1875இற் சித்தியெய்திய அவர், தாம் பெற்ற கல்வி தம் நாட்டில் எளியோர்க்கும் கிடைக்க வேண்டுமென்று வாதாடினார். சிங்களமும் தமிழும் உயர்கல்வியில் உரிய இடம் பெறவேண்டும் என்பதும் அவருடைய கொள்கை. பதினைந்து ஆண்டு முயற்சியின் பயனாக 1921இல் கொழும்பிலே யூனிவேசிற்றிக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் முதல் அதிபர் ரொபேட் மார்ஸ்.

ஆயினும் கோரியதிற் பாதியே கிட்டியது. கற்பித்தல் கொழும்பில் நிகழ்ந்தது. பரீட்சையும் பட்டமும் இலண்டனுக்கே உரியனவாயிருந்தன. பாடத்திட்டத்தை வகுத்தவர் அங்கேயிருந்தார். அதனைப் படித்தவன் இங்கேயிருந்தான். ஆசிரியன் தான் அறிந்ததைக் கற்பிப்பதா, இலண்டன் கேட்கப்போவதைக் கற்பிப்பதா என்று தயங்கும் நிலை இது. அருணாசலம் 1924இற் காலமானார். கொழும்பிலா மலைநாட்டிலா சர்வகலாசாலை அமைவது என்ற இடத்தகராறு அதன் பின்னரும் பல்லாண்டு தொடர்ந்தது.

1942ஆம் ஆண்டு ஜூலை முதலாந் தேதி யூனிவேசிற்றிக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைச் சர்வகலாசாலை ஆயின. சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதல் உபவேந்தரானார். கற்பிப்பவரும் பரீட்சிப்பவரும் ஒரே நிலையத்தவராய் அமைந்தது அன்றுதான். அடுத்த ஆண்டிலே விபுலாநந்த அடிகள் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பதவியேற்றார். தமக்குக் கிடைக்காத வகுப்பறையை அடுத்த தலைமுறைக்கு அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1947இல் அவர் மறைந்தபின் அப்பீடத்தை ஏற்றவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. ஏழாம் எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக்களின் மொழியை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் நாடகங்களும் இயற்றினார். வி. செல்வநாயகம் 1951இல் வெளியிட்ட தமிழ் இலக்கிய வரலாறு, மாணாக்கர் தலைமுறை பலவற்றுக்குக் கைந்நூலாயிற்று.

1952இற் சர்வகலாசாலை பேராதனைக்குப் பெயரத் தொடங்கியது. அங்கு கலைப்பீடத்தில் நுழைந்த மாணாக்கன் முதலாண்டு முடிவிலே ஒரு வாயிலைக் கடக்க வேண்டியிருந்தது. ஜீ.ஏ.கியூ. என மாணவர் வழங்கிய பொதுக் கலைத் தகுதிகாண் பரீட்சையே அது. அதிற் சிறந்து விளங்கியோர் தாம் விரும்பிய ஒரு துறையை மேலும் மூன்றாண்டு கற்று, நான்காம் ஆண்டு முடிவிற் சிறப்புப் பட்டம் பெற்றனர். ஏனையோர் பல பாடங்களைக் கற்று மூன்றாண்டிற் பொதுப் பட்டத்தோடு வெளியேறினர். இருசாராருக்கும் உள்ள வேறுபாடு ஓராண்டுதான் என்று கணக்கிடுவது தவறு. பொதுப் பட்டத்தார் பல துறைகளில் அறியப்பட்டவற்றைக் கற்றனர். சிறப்புப் பட்டத்தாரோ தம் துறையில் இன்னும் அறியப்படாதது யாது என்பதையும் கண்டுகொள்ளப் பழகினர்.

இவ்வாயிலை எளியவர் வீட்டுப் பிள்ளையும் அணுகியதற்கு இரு காரணங்களுண்டு. முதலாவது, கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி. இரண்டாவது, 1960ஐ ஒட்டிக் கலைப்பீடத்திற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயினமை. ஆங்கிலம் குறைவாயிருந்த காரணத்தாலேயே ஒதுங்கி நின்ற கிராமத்து மாணாக்கர், வரலாற்றையும் புவியியலையும் பொருளியலையும் தம் மொழியிலே சிறப்பாகக் கற்கும் நிலை எய்தினர். இதற்கொரு விலையும் கொடுக்க நேர்ந்தது. தமிழில் நூல்கள் போதியளவு இருக்கவில்லை. ஆங்கில நூல்களோ நூல்நிலையத்திற் பலருக்கு எட்டாமலே கிடந்தன. மொழிக் கதவு திறந்தபோது நூற்கதவு ஒருபாதி மூடிக்கொண்டது எனலாம். அக்குறை இன்னும் முற்றாக நீங்கவில்லை.

எனினும் அவ்வகுப்பறைகள் வீண்போகவில்லை. 1957இல் பேராதனையிலே தமிழில் முதல் வகுப்பிற் சித்தியடைந்தவர் க. கைலாசபதி. சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சி நூல் 1968இல் ஒக்ஸ்போட் அச்சகத்தின் வெளியீடாக வந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானவரும் அவரே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்து 1962இற் கர்ணன் போரை அரங்கேற்றினார். பாமரர் ஆட்டம் என்று படித்தவர் ஒதுக்கிய கலை, அன்று ஆய்வுக்குரிய பொருளாயிற்று. 1979இல் அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

இன்று நிலைமை மாறியுள்ளது. ஜீ.ஏ.கியூ. மறைந்துவிட்டது. 2012இல் வகுக்கப்பட்ட இலங்கைத் தகைமைச் சட்டகம், மூன்றாண்டுப் பட்டத்துக்குத் தொண்ணூறு திறமைப் புள்ளிகளும், நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு நூற்றிருபது புள்ளிகளும் வேண்டுமென வரையறுத்துள்ளது. வடக்கிலும் கிழக்கிலும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. வாயில் அகன்றிருக்கிறது. ஆயினும் உயர்தர வகுப்பு மாணவரின் பெற்றோர் அதிபர்களிடம் வந்து கேட்கும் வினா மாறவில்லை. "சிறப்பில் எடுத்தால் உத்தியோகம் கிடைக்குமா? வகுப்பு கிடைக்குமா?" என்றே கேட்கின்றனர். இவ்வினாவைப் பழிப்பதற்கில்லை. வறுமை அறிந்தவர் கேட்கும் நியாயமான வினா இது. ஆயினும் பிள்ளை எத்துறையில் நான்காண்டு ஊன்றி நிற்கக்கூடியவன் என்பதை முதலிற் கேட்பதே முறை. விருப்பமில்லாத துறையிற் பெறும் வகுப்பு நான்காம் ஆண்டிலே முடிந்துவிடும். விருப்பமுள்ள துறையிற் பெற்ற பயிற்சி வாழ்நாள் முழுவதும் கைகொடுக்கும்.

பொதுப் பட்டம் பெற்றவர் தாழ்ந்தவர் என்று எண்ணுவதும் பொருந்தாது. பல பாடங்களையும் கற்பிக்க வல்ல ஆசிரியரை நம் கிராமப் பாடசாலைகளுக்கு அதிகமாகத் தந்தது அப்பட்டமே.

சிறப்புக் கற்கைக்கு அனுமதி பெற்ற இளைஞர்களுக்கு ஒன்று கூறுவேன். சேருவது பிறர் தரும் அனுமதி. முடிப்பது உங்கள் உழைப்பு. விரிவுரைக் குறிப்புக்களை மனனஞ் செய்து ஒப்புவித்தால், 1800ஆம் ஆண்டுக்கு முந்திய ஒக்ஸ்போட் சடங்கையே மீண்டும் நடத்தியவராவீர்கள். மூல நூலைத் தேடிப் படியுங்கள். இன்னொரு மொழியையும் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்கு உங்கள் ஊரிலேயே பொருள் தேடுங்கள். குளமும் கோயிலும் கூத்தும் கல்வெட்டும் பழைய பள்ளிக்கூடப் பதிவேடும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. உங்கள் ஊரைப் பற்றி இதுவரை எவரும் எழுதாத ஒரு பக்கத்தைச் சான்றோடு எழுதி வைப்பீர்களாயின், அப்பட்டம் உங்களுக்கு மட்டுமன்றி ஊருக்கும் உரியதாகும்.