கண்ணி

மேலநீலிதநல்லூரை உள்ளிட்ட சங்கரன்கோவில் வட்டாரத்தின் விசைத்தறிச் சேலையிலே, பாவும் ஊடையும் நேர்க்கோடுகளாக ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வதைப் பார்த்துப் பழகியவருக்கு, முழுவதும் கண்ணிகளாலேயே அமைந்த திருப்பூர்ப் பனியன் வேறொரு வகை வஸ்திரமாகவே தோன்றும்.

'கண்' என்பது விழியோடு துவாரத்தையும் குறிப்பதால், அதனடியாகப் பிறந்த 'கண்ணி' பறவை பிடிக்கும் சுருக்குக்கும், தொடுத்த பூமாலைக்கும், சங்கிலியின் உறுப்புக்கும், ஈரடிச் செய்யுளுக்கும் பெயராயிற்று. பின்னலாடையில் ஒரே நூல் வளைந்து, முந்தைய வரிசையின் கண்ணிக்குள் புகுந்து, அடுத்த வரிசை தன்னுள் நுழைய இடங்கொடுத்து நிற்பதைக் காணும்போது, சுருக்கு, மாலை, சங்கிலி ஆகிய மூன்று பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன என்பது என் அபிப்பிராயம். 'வளையம்' என்னும் சொல்லில் இந்த நயம் இல்லை.

பனியனை அகலவாட்டில் இழுத்தால், பெரும்பாலும் நூல் நீள்வதில்லை. கண்ணியின் கால்களிலிருந்த நூலே தலைப்பக்கம் நகர்ந்து அகலத்தைக் கொடுக்க, உயரம் குறைகிறது. ஒரு கண்ணி அறுந்தால் அதைப் பற்றி நின்றவை நிரையாக அவிழ்வதும் இந்த அமைப்பினாலேயே.

1959-இல் மண்டன் என்ற பின்னல் ஆராய்ச்சியாளர் விளக்கியபடி, நனைத்து உலர்த்தித் தளரவிட்ட துணியில் சதுர அங்குலத்துக்குள்ள கண்ணிகளின் எண்ணிக்கையை, ஒரு கண்ணிக்குச் செலவாகும் நூலின் நீளமே பிரதானமாக நிர்ணயிக்கிறது: நீளம் இருமடங்கானால் எண்ணிக்கை நாலில் ஒரு பங்காகும். ஆலையில் இழுத்து அகலப்படுத்திய பனியன் சலவையில் தன் இயல்பான அளவுக்குத் திரும்புவதைத்தான், சுருங்கிவிட்டதென்று சொல்லிக் கடைக்காரரை நொந்துகொள்கிறோம்.