மதுரைக் களத்தில் ஓர் உளவியல் சோதனை

உளவியல் மெய்யியலினின்றும் பிரிந்து தனித்துறையானது சோதனையால்தான். லைப்சிக் நகரில் வுண்ட் 1879-இல் நிறுவிய ஆய்வுக்கூடத்தை அதன் தொடக்கமாகக் கொள்வர். ஆய்வுக்கூடத்தில் சூழல் ஆய்வாளருக்கு அடங்கும்; ஆனால் அங்கே வாழ்க்கை இராது. களத்தில் வாழ்க்கை உண்டு, அடக்கம் இல்லை. இவ்விரு வகைகளையும் இணைக்க முயன்ற சோதனையொன்று மதுரை வட்டாரச் சிற்றூர் மக்களிடையே நிகழ்ந்தது. டான் ஏரியலி உள்ளிட்ட நால்வர் அதன் முடிவுகளை 2009-இல் வெளியிட்டனர்.

பரிசு பெருகினால் திறன் பெருகுமா என்பதே வினா. 87 பேர் ஆறு விளையாட்டுகளை ஆடினர். ஒளிரும் பொத்தான்களின் வரிசையை நினைவிற்கொள்ளல், துளைகளில் விழாமல் உருண்டையைப் பலகைமீது செலுத்துதல் முதலியன அவை. எவர் எக்குழு என்பதைத் தற்செயலே முடிவு செய்தது. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் உச்சப் பரிசு ஒரு குழுவினர்க்கு 4 ரூபாய். அடுத்த குழுவினர்க்கு 40. மூன்றாம் குழுவினர்க்கு 400. அனைத்திலும் சிறந்தால் 2,400 ரூபாய். அக்காலத்தில் சிற்றூரில் ஒருவரின் ஏறத்தாழ ஐந்து மாதச் செலவு அது. அமெரிக்காவில் இதற்கு ஈடான பரிசை அளிப்பது எளிதன்று.

நாலுக்கும் நாற்பதுக்கும் வேறுபாடு பெரிதில்லை. நானூறுக்கு ஆடியவர்களே மிகவும் தடுமாறினர். அட்டவணை சராசரியைச் சொல்கிறது. ஐந்து மாதச் செலவைக் கைநழுவவிட்டு வீடு திரும்பியவர்க்கு அதில் கட்டமில்லை.

காரணத்தைப் பகுத்தறிய மீண்டும் ஆய்வுக்கூடமே வேண்டியிருந்தது. அமெரிக்க மாணவரிடையே, விசைகளை விரைந்து அழுத்தும் பணியில் பெரும்பரிசு பயன் தந்தது. கூட்டற்கணக்கில் அதே பரிசு கேடாயிற்று.