எல்லைக்கல்லும் கடன் எல்லையும்

பதுளை மாவட்டத்துப் பசறைப் பக்கம் தோட்டத்து ரோட்டில் ஏறினால் ஓரிடத்தில் தார் நின்றுவிடும். அதுவரை பிரதேச சபை, அப்பால் கம்பனி. மழைக்காலத்தில் நோயாளியை ஏற்றிவரும் ஆட்டோ திணறுவது அங்கேதான்.

சபை கடன் வாங்கியாவது போட்டிருக்கலாமே என்பீர்கள். நினைத்தபடி கடன் வாங்க உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சட்டம் இடம் தருவதில்லை. மேலிடத்து அனுமதி வேண்டும். அவற்றுக்குக் கடன் கொடுக்கவென்றே 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் பிறந்த நிதியம் ஒன்றும் உண்டு. கடிவாளம் இறுக்கம்தான். ஆனால் கைநீட்டிக் கடன் கேட்க வருமானம் வேண்டாமா? லயக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமில்லை. சோலைவரியை யார் பெயரில் போடுவது?

அதைவிடக் கொடுமை, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு. தோட்டத்து மக்களின் வாக்கு சபைக்கு வரலாம், சபையின் பணம் தோட்டத்துக்குள் போவதற்குத்தான் அது குறுக்கே நின்றது. கடன் கிடைத்திருந்தாலும் லயத்து வாசலுக்கு வந்திருக்காது. திருத்த 2018 ஆனது.

கடனுக்குச் சட்டம் போட்ட பழைய கதையொன்று மலையகத்தில் உண்டு: துண்டு. தோட்டம் மாற நினைப்பவரின் பெயரையும் கடனையும் எழுதி, இவ்வளவு கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை கொடுக்கும் சீட்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுக்கும். கட்டிய பணம் மறுபடி அவர் தலையிலேயே ஏறும். ஆள் பிடிக்கும் போட்டியில் கங்காணிமார் முன்பணத்தைக் கூட்டக்கூட, ஒருநாளும் கையால் தொடாத காசுக்கும் கடனாளி ஆனவர்கள் உண்டு. 1921இல் சட்டம் வந்தபோது, கடன் இத்தனை ரூபாயைத் தாண்டக்கூடாது என்று அது எண் எழுதவில்லை. துண்டையே தடைசெய்தது. கடைக் கடன் தொடர்ந்தது வேறு கதை; தோட்டம்விட்டுத் தோட்டம் கடனோடு கைமாறுவது நின்றது.

எண் எழுதிய சட்டம் கொழும்பில் பிறந்தது. 2003ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி அரசின் கடன் 2006 முடிவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 85 சதவீதத்துக்குள்ளும், 2013 முடிவில் 60க்குள்ளும் இருக்கவேண்டியிருந்தது. 2013 வந்தது. கடன் 60க்கு இறங்கவில்லை; கெடுவை 2020க்குத் தள்ளிவைத்தார்கள். சபைக்கு அனுமதி கொடுக்க மேலிடம் இருந்தது, மேலிடத்தைக் கேட்க யார் இருந்தார்கள்?

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. அந்த வருசம் பதுளைத் தோட்டத்து அடுப்படிகளில் ரொட்டி சிறுத்தது.