அனிமேக்ஸ்

ஜப்பானிய அனிமேக்கு மட்டுமே என்று 1998 ஜூலை 1 அன்று ஜப்பானில் தொடங்கப்பட்ட கட்டணத் தொலைக்காட்சி அலைவரிசை. சோனி பிக்சர்ஸ் நிறுவனமும் ஜப்பானின் பெரிய அனிமே தயாரிப்பாளர்கள் சிலரும் கூட்டுச் சேர்ந்து இதை நடத்தினர். 2004 முதல் தைவான், ஹாங்காங், தென்கிழக்காசியா, இந்தியா என்று பரவி, பிறகு தென் கொரியா, லத்தீன் அமெரிக்கா, ஐரோப்பா வரை சென்றது. உலகின் முதல் 24 மணி நேர அனிமே அலைவரிசை என்று விளம்பரங்களில் தன்னை அழைத்துக்கொண்டது. அந்தப் பட்டத்தை அப்படியே ஏற்க முடியாது. டிவி டோக்கியோ குழுமத்தின் ஏ.டி.-எக்ஸ் அதற்கு ஆறு மாதம் மூத்தது. ஆனால் அனிமேக்கென்று தனி அலைவரிசை நடத்தும் தொழிலை ஜப்பானின் எல்லைக்கு வெளியே இவ்வளவு தூரம் கொண்டுபோனது அனிமேக்ஸ்தான்.

முன்வரலாறு

ஜப்பானில் அனிமேயும் தொலைக்காட்சியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. ஒசாமு தெசுகா உருவாக்கிய ‘டெட்சுவான் ஆட்டம்’ (வெளிநாடுகளில் ‘ஆஸ்ட்ரோ பாய்’) 1963 ஜனவரி 1 அன்று ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒரு அரைமணி நேரப் பாகம் என்ற முறையை நிலைநிறுத்தியது அதுதான். தயாரிப்புச் செலவுக்குக் கட்டுப்படியாகாத விலைக்குத் தொடரைக் கொடுத்துவிட்டு, பாத்திரங்களின் உருவத்தைப் பொம்மைக்கும் மிட்டாய்க்கும் விற்றுக் குறையை நிரப்பும் வழக்கமும் அப்போதே வந்துவிட்டது. அத்தொடரின் புரவலர் மெய்ஜி என்ற சாக்லேட் நிறுவனம். சாக்லேட்டோடு வந்த ஆட்டம் ஒட்டுப்படங்களுக்காகவே பிள்ளைகள் கடைக்கு ஓடினார்கள்.

அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மணி நேரத் தொடர்கள் சேர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை முதல் ஒளிபரப்பு முடிந்ததும் பெட்டிக்குள் போயின. சில மறு ஒளிபரப்பாகின, சில வாடகை வீடியோக் கடைகளுக்கு வந்தன. தரைவழி நிலையங்களுக்கோ மாலை நேரம் விலை மிகுந்தது. பழைய தொடருக்கு அதை ஒதுக்க அவை விரும்பவில்லை. பிறப்பு விகிதம் குறைந்துவந்த நாட்டில் குழந்தைகளுக்கான மாலை நேரமே சுருங்கிக்கொண்டிருந்தது. 1995 அக்டோபரில் டிவி டோக்கியோவில் தொடங்கிய ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ பெற்ற வெற்றி, அனிமேக்குப் பணம் செலவழிக்கும் வயதுவந்த பார்வையாளர் கூட்டம் ஒன்று இருப்பதைக் காட்டிற்று. அதன்பின் நள்ளிரவில் ஒளிபரப்பாகும் தொடர்கள் பெருகின.

சரக்கும் இருந்தது, வாங்குபவரும் இருந்தார். இடையில் கடை மட்டும் இல்லை. அந்தக் கடையைத் திறந்தது எண்முறைச் செயற்கைக்கோள் ஒளிபரப்பு. 1996 அக்டோபரில் ‘பெர்ஃபெக் டிவி’ சேவை தொடங்கியபோது, ஒரு வீட்டு டிஷ்ஷில் பல பத்து அலைவரிசைகள் வந்திறங்கின. ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷனும் சாஃப்ட்பேங்கும் சேர்ந்து அறிவித்த ‘ஜே ஸ்கை பி’ திட்டத்தில் சோனியும் ஃபுஜி தொலைக்காட்சியும் பின்னர் பங்குதாரர்களாயின. 1998 மே மாதம் இரண்டும் இணைந்து ‘ஸ்கை பெர்ஃபெக் டிவி’ ஆனது. இத்தனை அலைவரிசைகளை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் அன்று எல்லோருக்கும் இருந்த கவலை. கோல்ஃபுக்கு ஒன்று, மற்றொரு பொழுதுபோக்குக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டு போன காலத்தில் அனிமேக்கு ஒன்று என்பது யாருக்கும் வியப்பாகத் தோன்றியிருக்காது.

ஏ.டி.-எக்ஸ் 1997 டிசம்பர் 24 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கு எட்டு நாள் முன்புதான், டிசம்பர் 16 மாலை, டிவி டோக்கியோவில் வந்த ‘போக்கிமான்’ பாகம் ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னியதில் வலிப்பும் மயக்கமும் கண்டு 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அனிமே ஆபத்தானது என்று நாடே பேசிய வாரத்தில், அதே குழுமம் அனிமேக்கென்றே ஒரு அலைவரிசையைத் திறந்தது. ஏ.டி.-எக்ஸ் தேர்ந்தெடுத்த வழி குறுகலானது. தனிச் சந்தா, உயர்ந்த கட்டணம், தரைவழியில் வெட்டப்பட்ட காட்சிகளை வெட்டாமல் காட்டும் துணிவு, அதற்குப் பணம் கட்டத் தயாரான ரசிகர் கூட்டம். அந்த வழியிலேயே அது இன்றுவரை நடக்கிறது.

தொடக்கம்

அனிமேக்ஸ் பெருவழியைத் தேர்ந்தெடுத்தது. 1998 மே மாதம் நிறுவனம் பதிவானது. ஜூலை 1 அன்று ஸ்கை பெர்ஃபெக் டிவியில் ஒளிபரப்பு தொடங்கியது. சோனி பிக்சர்ஸுடன் பங்குதாரர்களாக இருந்தவை டோயெய் அனிமேஷன், சன்ரைஸ், டி.எம்.எஸ்., நிஹோன் ஆட் சிஸ்டம்ஸ் ஆகிய நான்கும். அலைவரிசையின் பலம் முழுவதும் இந்தப் பட்டியலில் அடங்கியிருக்கிறது. 1956-இல் தொடங்கிய டோயெய்யிடம் ‘டிராகன் பால்’, ‘செய்லர் மூன்’ இருந்தன, 1972-இல் தொடங்கிய சன்ரைஸிடம் ‘கண்டம்’ வரிசை, டி.எம்.எஸ்.ஸிடம் ‘லூபின் மூன்றாமவன்’, ‘வெர்சாய் ரோஜா’. நான்காவதான நிஹோன் ஆட் சிஸ்டம்ஸ் விளம்பரத் துறையிலிருந்து வந்தது. தொடர்களுக்கு முதலீடு திரட்டி ஒருங்கிணைப்பது அதன் வேலை.

சோனி பணத்தையும் அலைவரிசை நடத்தும் அனுபவத்தையும் கொண்டுவந்தது. ஸ்டுடியோக்கள் கொண்டுவந்தவை பழைய பெட்டிகள். ஏற்கெனவே செலவு எடுத்து முடித்த தொடரிலிருந்து மீண்டும் வருமானம் வருவது அவர்களுக்கு லாபம். ஒவ்வொரு தொடருக்கும் வெளிச்சந்தையில் பேரம் பேசவேண்டிய தேவை குறைந்தது சோனிக்கு லாபம். பார்வையாளருக்கோ, முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரை வரிசையாக, நாள் தவறாமல் பார்க்கும் வாய்ப்பு. பதிவுநாடா வைத்திருந்தவர்கள் இரவெல்லாம் பதிவு செய்து சேர்த்தார்கள்.

பழையதை மட்டும் ஓட்டிக்கொண்டு ஒரு அலைவரிசை நெடுங்காலம் நிற்காது என்பதை நிர்வாகம் விரைவில் உணர்ந்தது. 2002-இல் ‘அனிமேக்ஸ் தைஷோ’ என்ற கதைவசனப் போட்டி தொடங்கியது. வென்ற கதையைத் தொழில்முறை ஸ்டுடியோ ஒன்று குறும்படமாக எடுத்துத் தரும். 2007-இல் அனிமே பாடகர்களுக்கான நாடு தழுவிய போட்டி வந்தது. 2011-இல் நடந்த ஐந்தாவது போட்டியில் வென்ற கொனோமி சுசுகி இன்று அத்துறையில் அறியப்பட்ட பாடகி. அனிமே பாடல்களுக்கென 2009 முதல் நடந்த ‘அனிமேக்ஸ் மியூசிக்ஸ்’ கச்சேரிகள் அலைவரிசையின் பெயரை டிஷ் இல்லாத வீடுகளுக்கும் எடுத்துச் சென்றன.

வெளிநாடுகளில்

2004 ஜனவரி 1 அன்று தைவானிலும், 12 அன்று ஹாங்காங்கிலும், 19 அன்று தென்கிழக்காசியாவிலும் அனிமேக்ஸ் ஆசியா தொடங்கியது, நிர்வாகம் சிங்கப்பூரில். ஜப்பானில் எளிதாக இருந்த ஒன்று இங்கே கடினமாயிற்று. ஜப்பானிய அனிமேக்கு ஒற்றை உரிமையாளர் இருப்பது அரிது. பதிப்பகம், பொம்மை நிறுவனம், இசை நிறுவனம், விளம்பர முகமை, தொலைக்காட்சி நிலையம் என்று பலர் சேர்ந்து ‘தயாரிப்புக் குழு’ அமைத்துப் பணம் போடுவார்கள். நாட்டுக்கு நாடு, ஊடகத்துக்கு ஊடகம் உரிமை தனித்தனியாக விற்கப்படும். ஒரு தொடரை ஜப்பானில் காட்டும் உரிமை கையிலிருந்தால் மலேசியாவில் காட்டிவிட முடியாது. ஸ்டுடியோக்கள் பங்குதாரர்களாக இருந்தும், ஒவ்வொரு பகுதிக்கும் மறுபடி பேரம், மறுபடி மொழிமாற்றம், மறுபடி தணிக்கை.

மொழிமாற்றத்தில் இந்த அலைவரிசை செய்த நல்ல காரியம் ஒன்றைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ‘கார்ட்கேப்டர் சாகுரா’ அமெரிக்காவுக்குப் போனபோது கனடாவின் நெல்வானா நிறுவனம் அதைச் சிறுவர்களுக்கான சாகசத் தொடராக்க முயன்று, முதல் சில பாகங்களை ஒதுக்கி எட்டாம் பாகத்திலிருந்து தொடங்கியது. காதலும் மென்மையும் கத்தரிக்கப்பட்டன. அனிமேக்ஸ் ஆசியாவோ 70 பாகங்களையும் வெட்டாமல் தனியே ஆங்கிலத்தில் மொழிமாற்றியது. அந்த டப்பிங்கின் ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்தவர்கள் உண்டு. முழுத் தொடரையும் ஆங்கிலத்தில் கேட்க விரும்பியவர்களுக்கு அதுதான் கிடைத்தது.

2009 ஏப்ரலில் ‘டியர்ஸ் டு டியாரா’ தொடர் ஜப்பானில் வரும் அதே வேளையில் ஆசிய அலைவரிசையிலும் வந்தது. ஜப்பானில் ஒளிபரப்பான சில மணி நேரத்துக்குள் ரசிகர்களே துணைத்தலைப்புப் போட்டு இணையத்தில் ஏற்றிவிடும் காலம் அது. அவர்களை முந்த வேறு வழி இல்லை. அதே ஆண்டு ஆசியப் பார்வையாளர்களுக்கென மேட்ஹவுஸ் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்ட ‘லாம்ப்’ என்ற படமும் வெளிவந்தது.

இந்தியாவில் 2004 ஜூலை 5 அன்று அனிமேக்ஸ் தொடங்கியது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை வேளை சரியாக அமையவில்லை. 2003 செப்டம்பரில் கட்டண அலைவரிசைகளுக்கு செட்-டாப் பெட்டி கட்டாயம் என்ற முறை சென்னையில் நடைமுறைக்கு வந்திருந்தது; மற்ற பெருநகரங்கள் பின்வாங்கியபோதும் சென்னையில் அது நீடித்தது. பெட்டி வாங்காத வீடுகளில் சோனி உள்ளிட்ட கட்டண அலைவரிசைகள் மறைந்துபோயின. மொழியும் ஒரு தடை. 2004 டிசம்பரில் வந்த டிஸ்னி அலைவரிசை முதல் நாளிலிருந்தே தமிழிலும் தெலுங்கிலும் பேசிற்று; அனிமேக்ஸின் முக்கிய மொழி ஆங்கிலமாகவே இருந்தது. முதலில் குழந்தைகளையும் பிறகு கல்லூரி வயதினரையும் குறிவைத்து அலைவரிசை முகம் மாற்றிப் பார்த்தது. எதை மாற்றினாலும், விளம்பரதாரருக்குப் போதுமான கூட்டம் சேரவில்லை. 2017 ஏப்ரல் 18 அன்று அந்த இடத்தில் ‘சோனி யே’ என்ற குழந்தைகள் அலைவரிசை வந்தது. உள்நாட்டுக் கேலிச்சித்திரத் தொடர்களை நம்பித் தொடங்கிய அதே சோனி யே, 2022-இல் ‘நாருடோ’வைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் ஒளிபரப்பியது. தமிழில் பேசவைத்தால் பார்ப்பார்கள் என்பதைக் கண்டுகொள்ளச் சோனிக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன.

லத்தீன் அமெரிக்காவில் நடந்தது இதைவிட வருந்தத்தக்கது. வயதுவந்தோருக்கான அசைவூட்டப் படங்களுக்குப் பேர்போன ‘லோகோமோஷன்’ அலைவரிசையைச் சோனி வாங்கி, 2005 ஜூலை 31 அன்று அனிமேக்ஸாக மாற்றியது. சில ஆண்டுகளில் அமெரிக்க நேரடித் தொடர்களும் திரைப்படங்களும் உள்ளே நுழைந்தன. அனிமே நள்ளிரவுக்குத் தள்ளப்பட்டது. 2011 மே மாதம் பெயரும் போய் ‘சோனி ஸ்பின்’ ஆயிற்று. லோகோமோஷனை இழந்த ரசிகர்கள் அனிமேக்ஸையும் இழந்தார்கள். ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஜெர்மனியில் 2007 ஜூன் முதல் 2016 வரையும், ஸ்பெயினில் 2008 ஏப்ரல் முதல் 2013 இறுதி வரையும் வழக்கமான அலைவரிசையாக நீடித்தது. போர்ச்சுகலில் 2011-இல் வேறு பெயருக்கு மாறியது. ஹங்கேரி வட்டாரத்தில் ‘ஏ பிளஸ்’ என்ற உள்ளூர் அனிமே அலைவரிசையின் இடத்தில் வந்தது 2014-இல் மூடப்பட்டது. அமெரிக்காவில் அனிமேக்ஸ் வரவேயில்லை. அங்கே ஹூஸ்டனின் ஏ.டி.வி. நிறுவனம் 2002-இல் தொடங்கிய ‘அனிமே நெட்வொர்க்’கும் 2008 தொடக்கத்தில் நேர ஒளிபரப்பை நிறுத்திவிட்டு, வேண்டும்போது பார்க்கும் சேவையாகச் சுருங்கிற்று.

பார்வையாளர் நேராகச் சந்தா கட்டிய இடங்களில் இந்த வகை அலைவரிசை நிலைத்தது. விளம்பர வருவாயை எதிர்பார்த்த இடங்களில் முதலில் அனிமே குறைந்தது, பிறகு அலைவரிசையே போயிற்று. அனிமே ரசிகர் எண்ணிக்கையில் சிறியவர், ஈடுபாட்டில் பெரியவர். பார்வையாளர் அளவீட்டுக் கணக்கில் எண்ணிக்கை மட்டுமே ஏறும்.

கைமாற்றம்

அனிமேக்ஸின் பிற்கால வரலாற்றில் அதன் போட்டியாளரும் பெற்றோரும் ஒரே நிறுவனமாகிப் போனதைக் காண்கிறோம். சோனி 2017-இல் அமெரிக்காவின் ஃபனிமேஷன் என்ற அனிமே விநியோக நிறுவனத்தையும், 2021 ஆகஸ்டில் கிரஞ்சிரோல் என்ற இணைய ஓடைச் சேவையை 117.5 கோடி டாலருக்கும் வாங்கியது. உலகம் முழுவதற்கும் ஒரே கிடங்கு, வெளியான அன்றே துணைத்தலைப்பு, மாதச் சந்தா என்று வந்தபின், நேர அட்டவணை போட்டுக் காட்டும் அலைவரிசைக்குச் சோனியிடம் மதிப்புக் குறைந்தது. ‘சோலோ லெவலிங்’ போன்ற தொடர்கள் தமிழ்க் குரலில் கிடைப்பதும் அந்த ஓடைச் சேவையின் வழியாகத்தான்.

2020 ஜனவரியில் ஆசிய அனிமேக்ஸ், ஏ.எக்ஸ்.என். முதலிய அலைவரிசைகளைக் கே.சி. குளோபல் மீடியா வாங்கியது. அதைத் தொடங்கிய ஆண்டி கப்லானும் ஜார்ஜ் சியெனும் சோனியின் முன்னாள் நிர்வாகிகள். 2024-இல் ஜப்பானிய அனிமேக்ஸும், 1990-களிலிருந்து ஒளிபரப்பாகும் ‘கிட்ஸ் ஸ்டேஷன்’ அலைவரிசையும் சோனியிடமிருந்து நொஜிமா என்ற நிறுவனத்துக்குக் கைமாறின. நொஜிமாவின் முதன்மைத் தொழில் மின்னணுச் சாதனக் கடைகள் நடத்துவது.