கொழும்பில் இரண்டு நாள்: இது யாருடைய சாப்பாடு?

 

கடந்த வார இறுதியில் நாங்கள் இருவர் கொழும்புக்குப் போய், இரண்டு நாளும் சாப்பிட்டுத் திரிந்துவிட்டு வந்தோம். போனது சாப்பாட்டுக்காகத்தான். வேறு காரணம் சொல்லி மழுப்ப விருப்பமில்லை. ஆனால் ஆசிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் சோற்றுப் பீங்கானையும் பாடமாக்கி விடுவார்கள் அல்லவா? எங்களில் ஒருவர் முஸ்லிம், தமிழ் மொழியில் படிப்பிப்பவர். மற்றவர் சிங்களவர், சிங்கள மொழியில் வரலாறு படிப்பிப்பவர். முதல் கடையிலேயே ஒரு கேள்வி வந்து விழுந்தது: "இது யாருடைய சாப்பாடு?" அதன் பிறகு ஒவ்வொரு தட்டிலும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். கிடைத்த பதில்களை ஊருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்ட்டியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் பாதையிலிருந்து தொடங்குவோம். பல்லேகமவிலிருந்து இலுக்கும்புர, ரிவஸ்டன், ரத்தோட்ட வழியாக மாத்தளைக்கு இறங்கும் பாதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பஸ்ஸும் லொறியும் வருவதற்கு முன்னர், மலைநாட்டிலிருந்து கரைக்குப் போய் வந்தது தவளம். பொதி சுமக்கும் மாடுகளை வரிசையாக ஓட்டிச் செல்லும் கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். கண்டி இராச்சியத்தில் இதற்கென்றே 'மடிகே பத்த' என்ற போக்குவரத்துப் பிரிவு இருந்தது. முஸ்லிம்கள் பலர் அதில் வேலை செய்தார்கள். இறங்கும்போது மாட்டின் முதுகில் பாக்கும் மிளகும். ஏறும்போது உப்பும் கருவாடும்.

மலைநாட்டில் உப்பு விளையாது. அதனால் உப்பு அந்தக் காலத்தில் அரசியலாகவும் இருந்தது. 1766இல் ஒல்லாந்தருடன் செய்த உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் கண்டி இழந்தது. அந்த உடன்படிக்கையிலேயே, கண்டி மக்கள் கரைக்கு வந்து உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதப்பட்டது. அதற்கும் முன்னர், 1626இல், போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, செனரத் மன்னர் அவர்களுக்கு இடம் கொடுத்தார். பலரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார். இடம் கொடுத்தது சிங்கள மன்னர். அவருடைய நாட்டுக்கு உப்புச் சுமந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்ற பழமொழியை இந்த இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை புறக்கோட்டையில் இறங்கினோம். காலைச் சாப்பாடு பாண், பருப்பு, தேங்காய்ச் சம்பல். இதைவிடச் சாதாரணமான சாப்பாடு இலங்கையில் இல்லை. ஆனால் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பாண் என்பது போர்த்துக்கேயச் சொல். சம்பல் என்பது மலாய்ச் சொல். சம்பலில் போட்ட மாசி மாலைதீவுக்காரர் நமக்குக் கற்றுத் தந்தது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் கப்பலில் இந்தப் பக்கம் வந்தது. 1505இல் அவர்கள் இலங்கையில் கால் வைப்பதற்கு முன்னர் நம் முன்னோர்களுக்கு உறைப்பு என்றால் மிளகுதான்.

இதற்குச் சாட்சி இரண்டு மொழியிலும் இருக்கிறது. தமிழில் மிளகு என்ற பழைய சொல்லிலிருந்துதான் மிளகாய் பிறந்தது. சிங்களத்தில் 'மிரிஸ்' என்ற சொல் முதலில் மிளகைத்தான் குறித்தது. மிளகாய் வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதும், பழைய மிளகு 'கம்மிரிஸ்' ஆனது, அதாவது ஊர் மிரிஸ். வெளியிலிருந்து வந்த ஒன்றுக்குத் தமிழரும் சிங்களவரும் ஒரே மாதிரித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். மாத்தளை மிளகுக்குப் பேர் போன மாவட்டம் என்பதால் இதில் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் பெருமையும் வந்தது.

சாப்பிட்டு முடித்து இரண்டாம் குறுக்குத் தெருவில் உள்ள சம்மாங்கோட்டுப் பள்ளிக்குப் போனோம். சிவப்பும் வெள்ளையுமாக, மாதுளம்பழக் குமிழ்களோடு நிற்கும் பள்ளி. 1908இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். வரைந்து கட்டியவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை என்பவர். துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்களுக்கு அது அடையாளமாக இருந்ததாம். கட்டி ஆறு வருடத்தில், 1915இல், கண்டிப் பக்கம் தொடங்கிய கலவரம் கொழும்புக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகள் உடைக்கப்பட்டன. அதன் பிறகும் அந்தத் தெருக்களில் எல்லா இனத்தவரும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் வியாபாரம் செய்கிறார்கள். பக்கத்திலேயே ஃபலூடா குடித்தோம். பெயர் பாரசீகத்தது. நமக்கு அது இந்திய வியாபாரிகள் வழியாக வந்தது.

பகல் சாப்பாடு லம்ப்ரைஸ். ஹலால் கடையொன்றில் கோழி வைத்துச் செய்தது. இறைச்சிச் சாற்றில் வெந்த சோறு, கறி, இறைச்சி உருண்டை, கத்தரிக்காய் மோஜு எல்லாவற்றையும் வாழையிலையில் பொதிந்து அவனில் வைத்து எடுப்பார்கள். பறங்கியரின் சாப்பாடு என்றுதான் சொல்வோம். இறைச்சி உருண்டைக்குப் பெயர் ஒல்லாந்து மொழியில். அதோடு வரும் பிளச்சானுக்குப் பெயர் மலாய் மொழியில். சுற்றியிருப்பது நம் தோட்டத்து வாழையிலை. இந்தப் பொதியைப் பிரித்து, இது ஒல்லாந்தருடையது, இது மலாயருடையது, இது நம்முடையது என்று பிரித்து வைக்கலாம். ஆனால் அப்படிப் பிரித்தால் அது லம்ப்ரைஸ் இல்லை.

பின்னேரம் கொம்பனித்தெரு. ஒல்லாந்துக் கொம்பனியின் பெயரில் வந்த தெரு இது. ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு 'அடிமைத் தீவு' என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. ஒல்லாந்தர் தங்கள் ஆபிரிக்க அடிமைகளை பேர வாவி நீர் சூழ்ந்த இந்த இடத்தில் வைத்திருந்தார்கள். ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் படைவீரர்களையும், நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்தவரையும், கைதிகளையும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைய இலங்கை மலாயரின் முன்னோர் அவர்கள். வேகந்தைப் பள்ளிக்குரிய காணியை 1786இல் பந்தான் பாலி என்ற மலாயர் கொடுத்தார். பின்னர் ஆங்கிலேயரின் படையிலும் மலாயர்கள் இருந்தார்கள். 1873இல் அந்தப் படைப்பிரிவு கலைக்கப்பட்டதும் பலர் பொலிஸுக்கும் தீயணைப்புக்கும் போனார்கள்.

நாசி கோரெங், பாபத் கறி, கடைசியில் வட்டிலப்பம். பெருநாளும் கல்யாணமும் இது இல்லாமல் நமக்கு ஓடாது. ஆனால் இது மலாயர் கொண்டுவந்தது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் நாட்டில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துச் செய்யும் இனிப்பு இங்கே வந்து கித்துள் கருப்பட்டியையும் ஏலத்தையும் சேர்த்துக்கொண்டது. கித்துள் நம் மலைக் காட்டு மரம். ஏலம் நக்கிள்ஸ் மலையில் விளைந்தது. அந்தக் காட்டுக்குள் ஏலத் தோட்டங்களை நம்பி எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன என்று நம் ஊர் மூத்தவர்களுக்குத் தெரியும். 2000இல் அது பாதுகாக்கப்பட்ட வனமானது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. காடு தப்பியது நல்லது. ஆனால் ஏலம் காய வைத்த வீடுகளின் கதையையும் யாராவது எழுத வேண்டும்.

நண்பர் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "சின்ன வயதில் எங்களுக்குப் பெருநாள் எப்போ என்று பிறை பார்த்துத் தெரியாது மச்சான். பக்கத்து வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தால் பெருநாள்." நமக்கும் அப்படித்தான். சித்திரைப் புத்தாண்டு என்றால் சிங்கள வீடுகளிலிருந்து வரும் கொக்கிஸ்தானே நினைவு? அந்தக் கொக்கிஸ் என்ற பெயரும் ஒல்லாந்து மொழியிலிருந்து வந்தது. யோசித்துப் பாருங்கள். ஒல்லாந்துப் பெயருள்ள பலகாரம் சிங்களவரின் புத்தாண்டுக்கு அடையாளம். மலாயரின் இனிப்பு முஸ்லிம்களின் பெருநாளுக்கு அடையாளம். இரண்டும் மூடிய தட்டில் வேலியைத் தாண்டிப் போய் வந்தன.

கொம்பனித்தெருவில் பழைய வரிசை வீடுகள் பல இப்போது இல்லை. அந்த இடங்களில் வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய ஊரை விட்டு எழும்பியவர்களுக்கு இது புரியும். வீட்டுக்கு வீடு கொடுக்கலாம். ஆனால் யாருக்கு யார் பக்கத்து வீடு என்பது மாறிவிட்டால், எந்தத் தட்டு எந்த வேலியைத் தாண்டும் என்பதும் மாறிவிடுகிறது.

இரவு கொத்து. இரும்புத் தகடு இரண்டும் தட்டும் சத்தம் தெரு முனையிலேயே கேட்டது. வெட்டிக் கொத்துவதால் கொத்து, நல்ல தமிழ்ச் சொல். கிழக்கு மாகாணக் கடைகளில்தான் முதலில் உருவானது என்று பரவலாகச் சொல்வார்கள். இதற்குள் இருக்கும் கோதுமை மாவுக்கும் ஒரு கதை உண்டு. 1942இல் யப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கோதுமை மா நம் வீடுகளுக்குள் வந்தது. 1953இல் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அரிசிச் சாப்பாட்டு மக்கள் ரொட்டிக்கும் பாணுக்கும் பழகியதில் பசிக்கும் பங்கு இருக்கிறது.

கொத்தைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் கடையின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கப்படுகிறது என்று வதந்தி கிளம்பியது. கறிக்குள் கிடந்தது ஒரு மாவுக் கட்டி. கூட்டம் சூழ்ந்து நிற்க, சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியது வீடியோவாகப் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்து அது வெறும் மாதான் என்றார். அதற்குள் மார்ச் முதல் வாரத்தில் நமக்குப் பக்கத்திலேயே திகன, தெல்தெனிய எரிந்தது. நாட்டில் அவசரகால நிலை வந்தது. அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு, முஸ்லிம் கடைகளில் சாப்பிடாதீர்கள் என்ற பேச்சும் வெளிப்படையாகவே வந்தது.

நாங்கள் இருவரும் அந்த இரவு இதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். ஒருவர் கையால் சமைத்ததை மற்றவர் யோசிக்காமல் வாயில் வைப்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை! அதைத்தான் அந்த வதந்தி குறி வைத்தது. கடையை மறுபடி கட்டலாம். அந்த நம்பிக்கையைக் கட்ட எத்தனை பெருநாள், எத்தனை புத்தாண்டு வேண்டும்? நண்பர் இன்னொன்றும் சொன்னார்: "கூட்டத்தில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் போதும், அந்த மனிதரிடம் ஒழுங்காகக் கேட்டிருக்கலாம்." இரண்டாம் மொழிப் பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்கும் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

ஞாயிறு பின்னேரம் காலி முகத்திடலில் இறால் வடை. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் ஒழுங்குபடுத்தி முடித்த திடல் அது. ஆனால் எங்களுக்கு நினைவு வந்தது 2022 ஏப்ரல். காஸ் இல்லை, எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை. ஏப்ரல் 9 முதல் அந்தத் திடலில் மக்கள் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். அது நோன்பு மாதம். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் முஸ்லிம்கள் அங்கேயே நோன்பு திறந்தார்கள். சிங்களவரும் தமிழரும் பக்கத்தில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். திகன நடந்து நான்கு வருடம், உயிர்த்த ஞாயிறு நடந்து மூன்று வருடம். அரசியல் எப்படிப் போனாலும் அந்தக் காட்சியை யாரும் அழிக்க முடியாது.

ஆக, "இது யாருடைய சாப்பாடு?" என்ற கேள்விக்கு இரண்டு நாளும் ஒரு தட்டில்கூட ஒரே ஒரு பெயர் பதிலாகக் கிடைக்கவில்லை. விரட்டப்பட்டவர், அடிமையாக வந்தவர், படைக்கு வந்தவர், வியாபாரத்துக்கு வந்தவர், இங்கேயே காட்டில் கித்துள் சீவியவர் என்று எல்லோரும் கை வைத்த சாப்பாடு அது. சஹனில் நாலைந்து பேர் கை வைத்துச் சாப்பிட்டுப் பழகியவர்கள் நாம். சோற்றில் யாருடைய பங்கு எதுவரை என்று அங்கே யாரும் கோடு கீறுவதில்லை.

ஊர் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூத்தம்மாவிடமும் அப்பாவிடமும் பிள்ளைகளை உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் உப்பும் கருவாடும் யார் கொண்டுவந்தார்கள்? ஏலம் எங்கே காய்ந்தது, யார் வாங்கினார்கள்? பழைய ஊரில் பெருநாளைக்கு எந்தெந்த வீட்டுக்குத் தட்டுப் போனது? பதிலைக் கொப்பியில் எழுதி அடுத்த வாரம் பாடசாலைக்குக் கொண்டுவரட்டும். சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளிடமும் இதே மூன்று கேள்விகளை நண்பர் கொடுத்திருக்கிறார். இரண்டு கொப்பிகளையும் பக்கத்தில் வைத்து வாசிப்போம். பழைய ஊரில் தட்டுப் போன வீடுகளில் யாராவது புது ஊரில் தூரமாகப் போயிருந்தால், வருகிற பெருநாளைக்கு விலாசம் தேடி அனுப்புங்கள்.